சாண வண்டுக்காரி மங்கையர்க்கரசி

என் மனைவி மங்கையர்க்கரசி சாண வண்டு எண்ணுகிறவள். இதைச் சொன்னால் நான் அவளைக் கேலி செய்வதாக நினைக்கிறார்கள். எங்கள் லாலாகுடா ரயில்வே காலனிக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், "உங்க வீட்ல எங்க வேலை செய்யறாங்க?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் "ஒரு ஆராய்ச்சி நிலையத்துல" என்று சொல்லி நழுவிவிடுவேன். இப்போது நழுவுவதில்லை. காட்டுக்குப் போகிறாள், குழி தோண்டுகிறாள், சாணத்துக்கு வரும் வண்டுகளைப் பிடித்து எண்ணுகிறாள், வேறு ஏதாவது தெரிய வேண்டுமா என்று கேட்டுவிடுவேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல். அவளுக்கு வரவே வராது. ஒரே ஒரு தடவையாவது வந்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

நான் புருஷோத்தமன். ரயில் பெட்டிப் பட்டறையில் எழுத்து பெயின்டர். எங்கள் குடும்பம் அரக்கோணத்திலிருந்து, தெலுங்கும் உருதும் பேசும் இந்த ஊருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. பெட்டி எண், இருக்கை எண், வண்டி எங்கிருந்து எங்கே போகிறது என்று பக்கத்தில் மாட்டும் பலகை, எல்லாம் என் கை. மூன்று மொழியில் எழுத வேண்டும். திருவனந்தபுரம் என்று இங்கிலீஷில் எழுதினால் பதினெட்டு எழுத்து. அதைப் பலகைக்குள் நெருக்காமல், கடைசி எழுத்தைக் குறுக்காமல் அடக்குவதற்குப் பட்டறையில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தற்பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் போத்தனூர்க்காரி. அவள் அப்பாவும் ரயில்வே என்பதால்தான் அந்த வீட்டில் பெண் பார்க்கப் போனோம். விலங்கியல் படித்த பெண் என்றார்கள். அது எதற்கு ஆகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. மகள் அஸ்வினி ஐந்தாவது படிக்கும்போது, தொண்ணூற்றாறில், நகரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக உதவியாள் வேலை கிடைத்தது. செத்த பூச்சிகளைச் சுத்தம் செய்து ஊசி குத்தி வைக்கும் வேலை. தற்காலிகம் தற்காலிகம் என்று பதினோரு வருஷம் ஓடிவிட்டது. அவள் ஊசி குத்திய பூச்சிகள் அங்கே கண்ணாடிப் பெட்டி கண்ணாடிப் பெட்டியாக இருக்கின்றன. ஒன்றிலும் அவள் பெயர் கிடையாது.

இரண்டாயிரத்து நாலில் அங்கே டாக்டர் உமாசங்கர் என்பவர் சாண வண்டுக் கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கினார். ஸ்ரீசைலம் போகிற வழியில் உள்ள பாதுகாக்கப்பட்ட காட்டில் பன்னிரண்டு இடங்கள். சில இடங்கள் மாடு மேயும் ஓரத்தில், சில நடுக்காட்டில். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து குழி. குழியில் ஒரு பிளாஸ்டிக் மக்கை விளிம்பு தரையோடு தரையாக இருக்கும்படி புதைத்து, அடியில் சோப்புத் தண்ணீர் விட்டு, மேலே குச்சியில் ஒரு சாண உருண்டையைத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். வாசனைக்கு வரும் வண்டு உள்ளே விழும். மறுநாள் வடிகட்டி எடுத்து ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடிக் குப்பியில் போட்டுவிடுவார்கள். மூன்று மழைக்காலம் இவள் இதையே செய்தாள்.

"இதை எண்ணி என்ன ஆகப் போவுது?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"காட்டுல சாணியை மண்ணுக்குள்ள கொண்டுபோறதே இதுகதானுங்க. அதுல இருக்கற விதையுஞ் சேர்ந்து போகும். எங்கே எந்த வண்டு இல்லைன்னு பார்த்தா, அங்கே எது கெட்டுப்போச்சுன்னு சொல்லிப்போடலாம்."

அறுபது குழிக்கும் ஒரே மாதிரிச் சாணம் வேண்டும் என்பது சட்டம். பூச்சி மருந்து கொடுத்த மாட்டின் சாணம் ஆகாது. போலாரத்தில் மருந்து கொடுக்காத எருமைக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து, என் ஸ்கூட்டரில் வாளியோடு உட்கார்ந்து வருவாள். வீட்டில் அதைப் பிசைந்து, தராசில் நிறுத்து, கொழுக்கட்டைக்குப் பூரணம் பிடிப்பதுபோல் ஒரே அளவு உருண்டை பிடித்து, பையில் கட்டி ஃப்ரீசரில் அடுக்குவாள். போனஸில் வாங்கிய புது ஃப்ரிட்ஜ். அஸ்வினி ஐஸ் எடுக்கத் திறந்து, "மம்மி, நக்கோ, ப்ளீஸ்" என்று அலறினாள். நக்கோ என்றால் இந்த ஊர் உருதுவில் வேண்டாம். "அது மேல் தட்டு கண்ணு, உன்ற ஐஸ்கிரீம் கீழ இருக்குது" என்றாள் இவள். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் ஐஸ் தண்ணீர் குடிக்கவில்லை.

ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு சின்னச் சீட்டு கிடக்கும். இரண்டு கட்டைவிரல் நகத்தைச் சேர்த்து வைத்த அளவு. எந்த இடம், எந்தக் குழி, என்ன தேதி, யார் சேகரித்தது, அவ்வளவும் அதில் இருக்கும். கடைசி வரியில் 'உமாசங்கர் குழு' என்று எழுதியிருப்பாள்.

"குழி தோண்டறது நீ, சாணி பிடிக்கறது நீ. உன் பேரு கைக்கு போடலை? ஏன் போடலை?"

"என்ற பேரு நீளமுங்க. அதுல எடம் பத்தாது" என்றாள். கொஞ்சம் கழித்து, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, "அறிக்கையில போடறேன்னு சார் சொல்லியிருக்காருங்க. அவரு பேருக்கு அடுத்ததா" என்றாள். தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனால் அன்று அவரைக்காய் எல்லாம் பொடிப்பொடியாக நறுக்கிக் கிடந்தது. அந்தப் பெயருக்காக அவள் எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டாயிரத்து ஏழு ஜனவரி. நிலையத்தில் அவர்கள் அறைக்குக் கூரை பழுது பார்த்தார்கள். எந்தக் குப்பியில் எந்த வண்டு எத்தனை என்று பிரித்து எண்ணும் வேலை இன்னும் பாக்கி. அறிக்கை மார்ச்சில் போக வேண்டும். உமாசங்கரிடம் கேட்டுக்கொண்டு, நூற்று எண்பது குப்பிகளையும் இரண்டு மரப்பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதற்குள் போத்தனூரில் அவள் தம்பி வீட்டு கிரகப்பிரவேசம். பத்து நாள் போய்விட்டு வந்து எண்ணுகிறேன் என்று கிளம்பினாள்.

நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தூசி படிந்த குப்பிகள். உள்ளே பென்சிலில் கிறுக்கிய சீட்டுகள். மழையில், முழங்கால் மேல் வைத்து எழுதியது, கோணல்மாணலாக இருந்தது. இதை வைத்துக்கொண்டா அவள் கண்ணைக் கெடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் புதிதாக எழுதி வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மோண்டா மார்க்கெட்டில் நல்ல முனையுள்ள மார்க்கர் பேனா வாங்கினேன். பெர்மனென்ட் என்று அதன் மேலேயே போட்டிருந்தது. நான் அவசரக்காரன் இல்லை. ஒரு சீட்டில் எழுதி, டம்ளர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டுப் பார்த்தேன். ஒரு புள்ளி கூடக் கரையவில்லை. பிறகு பட்டறை விட்டு வந்ததும் தினம் உட்கார்ந்தேன். குறடால் பழைய சீட்டை எடுத்து, பார்த்து எழுதி, புதுச் சீட்டை உள்ளே போட்டு, குப்பியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைப்பேன், வைத்ததை மறுபடி எடுத்துப் பார்த்ததில்லை. பழைய சீட்டுகளைக் குப்பையில் போட்டேன், நகராட்சி வண்டி கொண்டுபோய்விட்டது. குப்பிகள் முன்பு எந்த வரிசையில் இருந்ததோ தெரியாது, நான் பெரியதிலிருந்து சிறியதாகப் பார்க்க லட்சணமாக அடுக்கினேன். கடைசிக் குப்பியை வைத்து மூடியபோது, இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவளுக்கு இப்படி ஒன்று செய்ததில்லை என்று சந்தோஷமாக இருந்தது.

அவள் வந்து, தேங்காய் மூட்டையைக் கூட இறக்காமல் பெட்டியைத் திறந்தாள். ஸ்பிரிட் எல்லாம் ஊதா நிறத்தில் இருந்தது. உள்ளே வண்டுகள் கிடந்தன, சீட்டுகளும் கிடந்தன. சீட்டுகளில் ஒரு எழுத்து இல்லை. நூற்று எண்பதும் வெள்ளைக் காகிதம்.

தின்னரில் தினம் பிரஷ் கழுவுகிறவன் நான். பென்சில் எழுத்து எதிலும் கரையாது, மார்க்கர் மை தண்ணீரில் கரையாவிட்டாலும் ஸ்பிரிட்டில் கரையும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தண்ணீரில் போட்டுச் சோதித்த புத்திசாலி, ஸ்பிரிட்டில் போட்டுச் சோதிக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள், இங்கே குரங்கு கூட மிஞ்சவில்லை.

"எழுதிப் போட்டீங்களாங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன். "பழைய சீட்டுங்க?" என்றாள். குப்பையில் போட்டதைச் சொன்னேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்ப்பதற்கு அவள் என்னை நாலு சாத்து சாத்தியிருந்தால் தேவலை.

அவள் நோட்டில் எந்த நாள் எங்கே குழி போட்டோம், மழையா வெயிலா என்பது இருந்தது. எந்தக் குழியில் எந்த வண்டு விழுந்தது என்பதற்கு அந்தச் சீட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தக் கணக்கெடுப்பே இடத்துக்கு இடம் ஒப்பிடுவதற்காகத்தான். சீட்டு போனால் குப்பியில் இருப்பது வெறும் செத்த பூச்சி.

இரண்டு நாள் பொறுத்து நான்தான் வாயைத் திறந்தேன். "அரசி, உனக்குப் பாதி ஞாபகம் இருக்கும்ல. எழுதிடு. மீதியைக் குத்துமதிப்பா போடு. யாருக்குத் தெரியப் போவுது? வண்டா வந்து சாட்சி சொல்லும்?"

"எனக்குத் தெரியுமுங்களே" என்றாள்.

அன்றைக்கே பெட்டிகளை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். சாயந்திரம் வந்ததும், "சார் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "ஒண்ணுஞ் சொல்லலீங்க. இந்த மழைக்காலம் மறுபடி குழி போடச் சொல்லிட்டாரு. ஜீப்பும் ஆளும் கிடையாது, அவ்வளவுதானுங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மூட்டை இறங்கிய மாதிரி மூச்சு விட்டேன். மார்ச்சில் அறிக்கை வந்தது. இடத்துக்கு இடம் ஒப்பிட்ட பகுதி இல்லாமல் ஒல்லியாக வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. கேட்டதற்கு, "பாதி அறிக்கைதானுங்களே, அடுத்ததுல வரும்" என்றாள். மடையன், நம்பினேன்.

ஆள் கிடையாது என்றால் நான் இல்லையா? ஆகஸ்டில் ஒரு மாதம் லீவு போட்டேன். பட்டறையில், "எங்கே, ஊட்டியா?" என்றார்கள். "ஹவ், ஊட்டிதான்" என்றேன். அனுமதிக் கடிதத்தில் உதவியாள் என்று என் பெயரும் சேர்ந்தது. எருமைச் சாண உருண்டைகளை ஐஸ் பெட்டியில் போட்டு, ஸ்ரீசைலம் பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்து போனோம். பெட்டியில் இருப்பது மீனா என்று கண்டக்டர் கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

காட்டில் அவள் வேறு ஆள். வீட்டில் நாற்காலி தேடுகிறவள், அங்கே ஈர மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு வண்டு பார்க்கிறாள். வனக்காவலர் லிங்கய்யா அவளைப் 'பேட புருகம்மா' என்றுதான் கூப்பிட்டார். தெலுங்கில் பேட புருகு என்றால் சாண வண்டு. அவர் அதை எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு நாள் என்னையும் படுக்கச் சொன்னாள். கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிய சாண உருண்டையை ஒரு வண்டு பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போனது. இன்னொன்று உருண்டையின் மேல் ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றிவந்தது.

"மேல இருக்கறது பொட்டைங்க. தள்ளறது ஆணு" என்றாள்.

"நம்ம வூட்லயும் அப்படித்தானே" என்றேன்.

"ஆமாங்க, நீங்க தள்ளித்தான் நூத்தி எம்பதும் போச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏழு மாதத்தில் அதைப் பற்றி அவள் கேலியாகப் பேசியது அன்றைக்குத்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

இந்த முறை இடத்துக்கு எட்டுக் குழி, மொத்தம் தொண்ணூற்றாறு. மூன்றாவது வாரம் உமாசங்கர் ஒரு நாள் வேலையைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், திருச்சிப் பக்கம். வடிகட்டுகிற இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

"லீவு போட்டுட்டு வந்திருக்கீங்க, சந்தோஷம். உங்க வீட்டம்மா மேல எனக்கு வருத்தம் இருந்தது உண்மைதான். பதினோரு வருஷமா பென்சிலைத் தவிர வேற தொடாதவங்க, மார்க்கர்ல எழுதுவாங்கன்னு யார் நினைப்பாங்க? கேட்டா, 'என்னோட கவனக்குறைவு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் அறிக்கையில அவங்க பேரைப் போட மேல ஒத்துக்கலை. எனக்கே கஷ்டமாத்தான் இருந்தது."

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் புரியவில்லை. அவளைப் பார்த்தேன். வடிகட்டியைக் கையில் பிடித்தபடி, பேசாதீர்கள் என்று கண்ணாலேயே சொன்னாள். அப்புறம் எல்லாம் புரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை என்றாளே, அது. அடுத்ததில் வரும் என்றாளே, அது. ஏழு மாதமாக என் குற்றத்தை அவள் கையெழுத்துப் போட்டுச் சுமந்துகொண்டு, எனக்குச் சோறு போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"சார், எழுதினது நான்" என்றேன். "இவ ஊர்ல இல்லை. நான்தான் அழகா இருக்கட்டும்னு எழுதினேன். பழசைக் குப்பையில போட்டதும் நான்தான். இவளுக்குத் தெரியவே தெரியாது."

உமாசங்கர் கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்த்து, "ஏம்மா, இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

அவள் வடிகட்டியைக் கீழே வைத்தாள். "அவரு பொளப்பே எழுத்துங்க சார். இவரு எழுதித்தான் கெட்டுப்போச்சுன்னு நாலு பேரு சொல்லி, அது இவரு காதுல உளுந்துச்சுன்னா, அப்பறம் பட்டறையில போயி பிரஷ்ஷைத் தொடுவாருங்களா? என்ற பேரு இன்னைக்கு இல்லைன்னா நாளைக்குப் போட்டுக்கலாமுங்க."

நான் அழுதுவிட்டேன். ஐம்பது வயது ஆள், கையில் சாண உருண்டையோடு நின்று அழுதேன். லிங்கய்யா மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்த வருஷக் கணக்கு தனி அறிக்கையா வரும். அதுல உங்க பேர் இருக்கும்மா. மேல நான் பேசிக்கறேன்" என்றார் உமாசங்கர். அவள் சரீங்க என்றாள். எனக்கு அது போதவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், சீட்டுலயும் இவ பேரு இருக்கணும். சேகரித்தவர்ங்கற இடத்துல" என்றேன்.

"தாராளமா போடலாம். எடுத்தவங்க பேரைப் போடறதுதான் முறையே. ஆனா பேரு கொள்ளாதுன்னு அவங்கதான் சொன்னாங்க."

"அதை என்கிட்ட விடுங்க சார்."

அன்று மத்தியானம் நாங்கள் தங்கியிருந்த விருந்தினர் விடுதி மேஜையில் அவள் ஒரு பென்சிலைச் சீவி என் கையில் கொடுத்தாள். எனக்குக் கை வரவில்லை. "நக்கோ அரசி. நீயே எழுது, நான் சொல்றேன்" என்றேன்.

"எழுத்து மேல தப்பில்லீங்க. பேனா மேலதான் தப்பு. எழுதுங்க" என்றாள்.

குப்பிகளில் இருந்த சீட்டையும் நோட்டையும் பார்த்து அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இடம், குழி, தேதி. கடைசி வரிக்கு வந்தேன். அவள் பெயர் இங்கிலீஷில் பதினாலு எழுத்து. திருவனந்தபுரத்தை அடக்கியவனுக்கு இது ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். ஆனால் ஊர் ஊராகப் பெயர் எழுதியிருக்கிறேனே தவிர, ரேஷன் கார்டு விண்ணப்பத்தையும் ரயில்வே பாஸையும் தவிர்த்து அவள் பெயரை நான் எங்கேயும் எழுதினதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. முதல் சீட்டில் பெயர் கோணலாகப் போனது. இரண்டாவது சீட்டில் சரியாக அடங்கியது. நெருக்கவில்லை, கடைசி எழுத்தைக் குறுக்கவும் இல்லை. தொண்ணூற்றாறு சீட்டிலும் எழுதினேன். அவள் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கி வைத்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அந்த அறிக்கை வந்தது. உமாசங்கர் பெயருக்கு அடுத்தது அவள் பெயர். அஸ்வினி அதைத் தான் வேலை பார்க்கும் மாதாப்பூர் ஆபீஸில் எல்லோருக்கும் மெயில் அனுப்பிவிட்டு, "மம்மி, தே ஆர் ஆஸ்கிங், டங் பீட்டில் ஹை க்யா?" என்று போன் செய்தாள். சாண வண்டா என்று கேட்கிறார்களாம். "ஆமா கண்ணு, ஹைதான்" என்றாள் இவள்.

அந்த முதல் கோணல் சீட்டை மட்டும் நான் கிழித்துப் போடவில்லை. ஒரு காலிக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி, அதைப் போட்டு, வீட்டில் டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஸ்பிரிட் குறைந்தால் நான்தான் ஊற்றுவேன். உள்ளே வண்டு எதுவும் இல்லையே என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஆறு வருஷம் ஆகிறது, அவள் பெயரில் ஒரு எழுத்து கூடக் கரையவில்லை.